கிரவுண்ட், பவுன், நூல், கன அடி: கணக்குத் தவறாமல் அளந்து வாங்கும் முறை

வடசென்னையின் தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ வாழும் ஒரு குடும்பம் மீனைக் கிலோவிலும், மல்லிகைச் சரத்தை முழத்திலும், தங்கத்தைப் பவுனிலும், மணலை யூனிட்டிலும், கம்பியை நூலிலும், மனையைக் கிரவுண்டிலும் பேசி வாங்குகிறது. இவற்றுள் கிலோ ஒன்றுதான் மெட்ரிக் அலகு என்பது யாரையும் உறுத்துவதில்லை. உறுத்த வேண்டிய தேவையும் பெரும்பாலும் இல்லை. பழைய அலகைப் பயன்படுத்துவதால் மட்டும் ஒருவர் ஏமாந்துவிடுவதில்லை. விலை ஓர் அலகில் சொல்லப்பட்டு, சரக்கு வேறோர் அலகில் அளக்கப்பட்டு, ரசீது மூன்றாவது அலகில் எழுதப்படும்போதுதான் பணம் கசிகிறது. அத்தகைய இடங்கள் எவை, அங்கே கணக்கை எப்படிச் சரிபார்ப்பது என்பதே இவ்வழிகாட்டியின் நோக்கம்.

முதலில் சிறிது வரலாறு தேவைப்படுகிறது. இந்தியாவில் மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் 1956-இல் இயற்றப்பட்டது. 1957 ஏப்ரல் 1 முதல், அதுவரை பதினாறு அணாவாக இருந்த ரூபாய் நூறு நயா பைசாவாகப் பிரிக்கப்பட்டது. 1958 அக்டோபரில் கிலோ எடைகள் படிப்படியாகப் புழக்கத்துக்கு வரத் தொடங்கின. 1960-களின் தொடக்கத்துக்குள் வீசை, பலம் என்னும் பழைய எடைகள் சந்தையிலிருந்து சட்டப்படி விலக்கப்பட்டுவிட்டன. ஏறத்தாழ 1.4 கிலோ எடைகொண்ட வீசையை இன்று பழைய கொத்தவால்சாவடிச் சந்தைக் காலத்தை நினைவுகூரும் முதியவர்களின் பேச்சில் மட்டுமே கேட்க முடிகிறது. ஆனால் அடியும் அங்குலமும் அப்படி மறையவில்லை. இதற்கு மக்களின் பிடிவாதத்தைக் காரணமாகச் சொல்வோர் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. கடைக்காரரின் பழைய இரும்பு எடைக்கற்கள் விலக்கப்பட்டுப் புதியவை முத்திரையிட்டுத் தரப்பட்டதால் வாங்குபவருக்கு வேறு வழியே இருக்கவில்லை. அளவு நாடாவிலோ ஒரு விளிம்பில் சென்டிமீட்டரும் மறு விளிம்பில் அங்குலமும் இன்றுவரை சேர்ந்தே அச்சாகின்றன. இரண்டும் கையில் இருக்கும்போது கொத்தனாரும் தச்சரும் தமக்குப் பழகிய விளிம்பைப் பார்ப்பது இயல்பானது.

கணக்கறிவைப் பற்றியும் ஒரு சொல். அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாகப் பிரித்துச் செல்லும் பழைய முறையில் வளர்ந்தவர்கள், ஒன்றேமுக்கால் கிலோவின் விலையை மனத்துக்குள்ளேயே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் தசமப் புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கங்கள் வந்தால் தயங்குகிறார்கள். இளையவர்கள் கைபேசியில் எட்டு இலக்கம் வரை சரியாகக் கணக்கிட்டுவிட்டு, விடை நம்பக்கூடிய அளவில் இருக்கிறதா என்று பார்க்கத் தவறுகிறார்கள். ஆகவே வீட்டில் இரு தலைமுறையினரும் சேர்ந்து கணக்குப் பார்ப்பது நல்லது என்பேன். ஒருவர் குத்துமதிப்பாகச் சொல்லட்டும், மற்றவர் துல்லியமாகப் போட்டுப் பார்க்கட்டும், இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் மறுபடி அளக்கட்டும்.

புள்ளி வைக்கும் முன்

இக்கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். அடி-அங்குலம் போன்ற கலப்பு அலகுகளைத் தசமப் புள்ளியால் எழுதுவதே நம்மிடையே மிகப் பரவலாகக் காணப்படும் தவறு. ஐந்தடி ஆறங்குலத்தை 5.6 அடி என்று எழுதுகிறார்கள். ஓர் அடிக்குப் பன்னிரண்டு அங்குலம் என்பதால் அது உண்மையில் 5.5 அடி. எட்டடி மூன்றங்குலம் 8.3 அன்று, 8.25. பத்தடி பத்தங்குலத்தை 10.10 என்று எழுதினால் கணக்குப்பொறி அதைப் பத்தே கால் அடிக்கும் குறைவாக எடுத்துக்கொள்ளும்; சரியான எண் 10.83. பவுனிலும் இதே நிலைதான். ஒரு பவுனுக்கு 8 கிராம் என்பதால், மூன்று பவுன் நான்கு கிராம் எடையுள்ள சங்கிலி 3.4 பவுன் அன்று, மூன்றரைப் பவுன். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 0.8 கிராம் தங்கம்.

இதைத் தவிர்க்கும் வழி எளியது. சிறிய அலகை, அது எத்தனை சேர்ந்தால் பெரிய அலகாகுமோ அந்த எண்ணால் முதலில் வகுத்துவிட்டு, அதன் பிறகே புள்ளி வைத்து எழுத வேண்டும். அங்குலத்தைப் பன்னிரண்டால் வகுக்க வேண்டும். பவுனுக்கு மேற்பட்ட கிராமை எட்டால் வகுக்க வேண்டும். அங்குலத்துக்கு மேற்பட்ட நூலையும் எட்டால் வகுக்க வேண்டும். வகுக்கத் தயக்கமாக இருந்தால் முழுவதையும் சிறிய அலகுக்கே கொண்டுபோய்விடலாம்: அனைத்தையும் அங்குலமாக்கி, அல்லது கிராமாக்கி, கணக்கை முடித்துவிட்டுத் திரும்பி வரலாம். மெட்ரிக் முறையின் மெய்யான நன்மை அதன் நவீனத்தில் இல்லை. இந்த வகுத்தலை நம் தலையிலிருந்து இறக்கிவிடுகிறது என்பதில்தான் இருக்கிறது.

மனை அளவு

திருவொற்றியூரிலோ எண்ணூர்ப் பக்கமோ மனை பார்க்கும்போது தரகர் கிரவுண்டிலோ சென்டிலோ பேசுவார், விலை சதுர அடிக்குச் சொல்லப்படும், பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர், சதுர மீட்டர் என்று இருக்கும். மூன்றையும் சதுர அடிக்குக் கொண்டுவந்து அருகருகே எழுதிப் பார்ப்பதே முதல் வேலை. ஒரு கிரவுண்ட் 2400 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 223 சதுர மீட்டர். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. அதில் நூற்றில் ஒரு பங்கான சென்ட் 435.6 சதுர அடி. ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர். நூறு ஏர் ஒரு ஹெக்டேர். ஒரு சதுர மீட்டருக்கு 10.764 சதுர அடி. பட்டாவில் 0 ஹெக்டேர் 2 ஏர் 23 சதுர மீட்டர் என்றிருந்தால் 223 சதுர மீட்டர் என்று படித்து, 10.764-ஆல் பெருக்கினால் 2400 வருகிறது. ஆகவே அது ஒரு கிரவுண்ட்.

இங்கே இரண்டு தவறுகள் நேர்கின்றன. ஒரு மீட்டருக்கு 3.28 அடி என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள், சதுர மீட்டரையும் அதே எண்ணால் பெருக்கிவிடுகிறார்கள். பரப்புக்கு 3.28-ஐ இருமுறை பெருக்க வேண்டும். கன அளவுக்கு மும்முறை பெருக்க வேண்டும். இரண்டாவது, ஐந்தரை சென்ட் ஒரு கிரவுண்ட் என்ற வாய்க்கணக்கு. பேச்சுக்கு அது போதுமானது, பத்திரத்துக்குப் போதாது. ஐந்தரை சென்ட் 2395.8 சதுர அடிதான். எடுத்துக்காட்டாகச் சதுர அடி 8,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், விடுபட்ட 4.2 சதுர அடியின் விலை 33,600 ரூபாய்.

இவற்றைவிடப் பெரிய இழப்பு அலகில் இல்லை, அளக்கும் முறையில் இருக்கிறது. பழைய தெருக்களில் நேர்ச்சதுரமான மனை அரிது. முன்பக்கமும் பின்பக்கமும் கூட்டிப் பாதி, இடப்பக்கமும் வலப்பக்கமும் கூட்டிப் பாதி, இரண்டையும் பெருக்கினால் பரப்பு என்று பலர் கணக்கிடுகிறார்கள். மனை செவ்வகமாக இருந்தால் மட்டுமே இது சரி. வேறு எந்த வடிவமாக இருந்தாலும் இம்முறை உண்மைப் பரப்பைவிடக் கூடுதலாகவே காட்டும், ஒருபோதும் குறைத்துக் காட்டாது. எனவே இழப்பு எப்போதும் வாங்குபவருக்கே.

முன்பக்கம் 20 அடி, பின்பக்கம் 26 அடி, ஒரு பக்கவாட்டு 60 அடி 10 அங்குலம், மற்றது 62 அடி 1 அங்குலம் என்று ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். வாய்க்கணக்கில் இது 1413 சதுர அடி. இப்போது முன்பக்கத்தின் ஒரு மூலையிலிருந்து அதற்கு எதிர் மூலைக்கு நாடாவை இழுத்து மூலைவிட்டத்தை அளக்க வேண்டும். அது 70 அடி என்று வந்தால் மனை இரண்டு முக்கோணங்களாகப் பிரிகிறது: 20 அடியும் 62 அடி 1 அங்குலமும் 70 அடியும் கொண்டது ஒன்று, 26 அடியும் 60 அடி 10 அங்குலமும் 70 அடியும் கொண்டது மற்றொன்று. ஒவ்வொரு முக்கோணத்துக்கும் மூன்று பக்கங்களையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும். அந்தப் பாதியிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே கழித்து, கிடைக்கும் மூன்று எண்களையும் அந்தப் பாதியையும் ஒன்றாகப் பெருக்கி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். பள்ளியில் ஹீரோன் சூத்திரம் என்று படித்தது இதுவே. இரண்டு முக்கோணங்களும் சேர்ந்து ஏறத்தாழ 1379 சதுர அடி வருகிறது. வேறுபாடு 34 சதுர அடி. மேற்சொன்ன விலையில் இரண்டே முக்கால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. நாடாவை மூலைக்கு மூலை ஒருமுறை இழுப்பதற்கு ஐந்து நிமிடங்கூட ஆகாது. இடையில் மரமோ சுவரோ மறித்தால் மற்ற மூலைவிட்டத்தை அளந்துகொள்ளலாம்.

கம்பியும் மணலும்

ஓர் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல்; மெட்ரிக்கில் 3.175 மில்லிமீட்டர். மூன்று நூல் கம்பி, நான்கு நூல் கம்பி என்று கேட்டால் கடையில் கிடைப்பவை முறையே 10 மில்லிமீட்டர், 12 மில்லிமீட்டர் கம்பிகள். நான்கு நூல் என்பது கணக்குப்படி 12.7 மில்லிமீட்டர் என்பதால், பெயர் சொல்லும் தடிமனைவிடக் கைக்கு வரும் கம்பி மெலிந்தது. மூன்று நூலிலோ கைக்கு வருவது சற்றுத் தடிமனானது. இது யாரும் செய்யும் மோசடி அன்று, பழைய பெயர் புதிய சரக்கின்மேல் ஒட்டிக்கொண்டதன் விளைவு. கம்பி எடைக்கு விற்கப்படுவதால் நீங்கள் செய்ய வேண்டியது வேறு: மில்லிமீட்டர் எண்ணை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால், ஒரு மீட்டர் நீளக் கம்பி எத்தனை கிலோ இருக்க வேண்டும் என்பது கிடைக்கும். 12 மில்லிமீட்டருக்கு 144-ஐ 162-ஆல் வகுக்க 0.89 கிலோ, 12 மீட்டர் நீளமுள்ள முழுக் கம்பி ஏறத்தாழ 10.7 கிலோ. வந்திறங்கிய கம்பிகளை எண்ணி, இவ்வெண்ணால் பெருக்கி, ரசீதில் உள்ள எடையோடு ஒப்பிடலாம். சிறு வேறுபாடு உற்பத்தியிலேயே வரும். பெரிய வேறுபாடு இருந்தால் விளக்கம் கேட்கலாம்.

மணலிலும் ஜல்லியிலும் ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். லாரியின் உட்பக்க நீளம், அகலம், சரக்கு நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி நூறால் வகுக்க வேண்டும். புள்ளித் தவறு மீண்டும் தலைகாட்டும் இடம் இது. நீளம் 10 அடி, அகலம் 6 அடி, உயரம் 2 அடி 9 அங்குலம் என்றால் உயரத்தை 2.75 என்று எழுத வேண்டும், விடை 1.65 யூனிட். 2.9 என்று எழுதினால் 1.74 யூனிட்டுக்குப் பணம் கொடுப்பீர்கள். உயரத்தை ஓரத்தில் மட்டும் அளக்காமல் நடுவிலும் ஒரு கம்பியைச் செருகிப் பார்ப்பது நல்லது. ஈரமான மணல் உலர்ந்த மணலைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். மழைக்குப் பின் வாங்கும் ஒரு யூனிட்டில் மணல் உள்ளபடியே குறைவாகத்தான் இருக்கும்.

நகைக் கடையில்

கிராம் விலையையும் கிராம் எடையையும் மட்டும் வைத்துக் கணக்கிடுங்கள். பவுன் என்ற சொல் பேச்சோடு நிற்கட்டும். ஒன்றரைப் பவுன் 12 கிராம். பத்து விழுக்காடு சேதாரம் என்றால் 13.2 கிராமுக்குரிய பணம் கேட்கிறார்கள் என்று பொருள். கல் பதித்த நகையாக இருந்தால் கல்லின் எடையைக் கழித்த பிறகே தங்கத்தின் எடையைப் பெருக்க வேண்டும். சௌகார்பேட்டையில் யாரேனும் தோலா என்று சொன்னால் உடனே எத்தனை கிராம் என்று கேட்டுவிடுங்கள்: பழைய தோலா 11.66 கிராம்; இன்றைய வணிகப் பேச்சில் பெரும்பாலும் 10 கிராம்.

ஏரிச் செய்தியைப் படித்தல்

புழல் ஏரியின் கொள்ளளவு 3300 மில்லியன் கன அடி என்று செய்தி சொல்லும். நகருக்கு நாள்தோறும் இத்தனை மில்லியன் லிட்டர் குடிநீர் வழங்கப்படுகிறது என்று அதே செய்தியின் அடுத்த வரி சொல்லும். இரண்டையும் இணைத்துப் பார்க்க முடியாததால், ஏரியில் உள்ள நீர் எத்தனை நாளைக்கு வரும் என்ற இயல்பான கேள்வியைக் கேட்காமலேயே நாம் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். ஒரு கன அடி 28.3 லிட்டர், எனவே ஒரு மில்லியன் கன அடி 2.83 கோடி லிட்டர். நிரம்பிய புழல் ஏரியில் ஏறத்தாழ 9,340 கோடி லிட்டர் இருக்கும். நகரம் முழுவதும் இந்த ஓர் ஏரியை மட்டும் நம்பி நாளொன்றுக்கு 100 கோடி லிட்டர் எடுப்பதாக வைத்துக்கொண்டால், ஆவியாகும் நீரைக் கணக்கில் சேர்க்காமலேயே 93 நாளில் தீர்ந்துவிடும். 2019 கோடையைக் குடங்களோடு கடந்தவர்களுக்கு இந்த எண்ணின் பொருள் விளங்கும்.

மழைக்காலத்தில் உபரி நீர் திறப்பைப் பற்றிய அறிவிப்பு மணலி, சடையங்குப்பம் பகுதியினருக்கு நேரடியாகத் தொடர்புடையது. விநாடிக்கு 500 கன அடி என்பது விநாடிக்கு ஏறத்தாழ 14,150 லிட்டர். அதாவது 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றுக்கும் கூடுதலான நீர் ஒவ்வொரு விநாடியும் கால்வாயில் வந்து சேர்கிறது. மழை அளவுக்குக் கணக்கு இதைவிட எளிது. ஒரு சென்டிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டரில் 10 லிட்டர். 600 சதுர அடி மொட்டை மாடி ஏறத்தாழ 56 சதுர மீட்டர் என்பதால், 5 சென்டிமீட்டர் மழை பெய்த இரவில் அதன்மேல் விழுந்தது 2,800 லிட்டர். மழைநீர்த் தொட்டியின் அளவைத் தீர்மானிக்க இந்த ஒரு பெருக்கல் போதும்.

பூ, மீன், பிரியாணி

முழம் என்பது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை. விற்பவரின் கைக்கேற்ப மாறும். இதை ஒழிக்க வேண்டும் என்று சொல்வோருடன் நான் உடன்படவில்லை. அளக்கும் கை நம் கண்ணெதிரே இருக்கிறது. தவிரவும், சரம் எவ்வளவு நெருக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பதே பூவின் அளவைத் தீர்மானிக்கிறது, நீளம் அன்று. காசிமேட்டில் கூறு வைத்து விற்கும் மீனும் அப்படித்தான்: கூற்றின் விலையைக் கேட்டு, எடை போடச் சொல்லிக் கிலோ விலையாக மாற்றிப் பார்த்துவிட்டால் பக்கத்துக் கடையோடு ஒப்பிடலாம். சுத்தம் செய்வதற்கு முந்தைய எடையா, பிந்தைய எடையா என்பதை மட்டும் விலை பேசும்போதே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

வீட்டு விசேஷத்துக்குப் பிரியாணி சொல்லும்போது, ஒரு கிலோ பிரியாணி என்பது ஒரு கிலோ அரிசியில் சமைத்த பிரியாணி என்பதே வழக்கமான பொருள். வெந்தபின் அதன் எடை பன்மடங்காகும். ஆயினும் சமைத்த எடையைக் கிலோவாகச் சொல்லும் கடைகளும் உண்டு. படிக்கணக்கில் பேசும் சமையல்காரரிடம் அவருடைய படிக்கு எத்தனை கிலோ அரிசி என்று கேட்க வேண்டும். பட்டணம் படியும் ஊர்ப் படியும் ஒன்றல்ல. அரிசி எவ்வளவு, கறி எவ்வளவு என்ற இரண்டையும் கிலோவில் எழுதி வாங்கிக்கொண்டால் விருந்தன்று தகராறு வராது. வீட்டுச் சமையலுக்கு இந்தக் கவலையே தேவையில்லை. இட்லிக்கு நான்குக்கு ஒன்று என்பது விகிதம் என்பதால், ஆழாக்கில் அளந்தாலும் டம்ளரில் அளந்தாலும் மாவு ஒன்றுதான்.

தராசைச் சரிபார்த்தல்

2011 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009, பொருளின் விலையையும் அளவையும் கிலோ, மீட்டர், லிட்டர் போன்ற நிலையான அலகுகளிலேயே சொல்ல வேண்டும் என்கிறது. ஆகவே எந்தக் கடையிலும் கிலோவில் எடை கேட்பது உங்கள் உரிமை. அதைக் கேட்பதில் கூச்சம் தேவையில்லை. மின்னணுத் தராசு ஆண்டுக்கு ஒருமுறையும், இரும்பு எடைக்கற்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் சரிபார்த்து முத்திரையிடப்பட வேண்டும். தராசின் திரையில் கிலோவுக்குப் பின் மூன்று இலக்கங்கள் தெரியும்: 0.250 என்றால் கால் கிலோ, 0.050 என்றால் ஐம்பது கிராம். பொருளை வைக்குமுன் திரை 0.000 காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். தட்டோ பையோ வைத்திருந்தால் அதற்குப் பிறகும் பூச்சியத்துக்குக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். பெட்ரோல் நிலையத்தில் ஐயம் எழுந்தால், அங்கே வைத்திருக்க வேண்டிய முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டக் கேட்கலாம். வீட்டுச் சமையல் எரிவாயு உருளையில் 14.2 கிலோ எரிவாயு இருக்க வேண்டும். வெற்று உருளையின் எடை அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருப்பதால், இரண்டையும் கூட்டிக்கொண்டு, கொண்டுவந்தவர் போவதற்குள் எடை போட்டுப் பார்த்துவிடலாம். குறை கண்டால் தமிழ்நாட்டில் இச்சட்டத்தைச் செயல்படுத்தும் தொழிலாளர் துறையின் ஆய்வாளரிடம் முறையிட வேண்டும். ரசீதையும், தராசின் திரையைத் தெளிவாகக் காட்டும் படம் ஒன்றையும் இணைத்தால் விசாரணைக்கு அது உதவும்.